வெள்ளிக் கொக்கிக் காதணி: மேசையிலிருந்து பார்சல் வரை

டிசைன் ரொம்பச் சாதாரணமானது. 8 மி.மீ. அமேசனைட் (நீலப்பச்சைக் கல்) மணி ஒன்று, அதன் கீழே ஒரு சின்ன நன்னீர் முத்து, மேலே கையால் வளைத்த வெள்ளிக் கொக்கி, அவ்வளவுதான். தெரிந்தவர்களுக்குப் பல தடவை செய்து கொடுத்திருக்கிறேன். கொக்கி கொஞ்சம் விரிந்தால் கொண்டுவந்து நீட்டுவார்கள், குறடை எடுத்து ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தால் முடிந்தது. ஆன்லைனில் விற்பதில் அந்த வசதி கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ இருந்தபடி பார்சலைப் பிரித்து நேரே காதில் மாட்டிக்கொள்வார், அது குத்தினாலும் கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிந்தது திருப்பி அனுப்புவது ஒன்றுதான். ஆகவே இந்தத் தொகுதியில் என் நேரம் கல்லுக்குப் போனதைவிடக் கொக்கிக்கும், அதுபோலப் படத்தில் கண்ணுக்கே படாத மற்ற இடங்களுக்கும்தான் அதிகம் போனது. எதை எதற்காகச் செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவலாம்.

முதலில் கம்பி. கொக்கிக்கு 20 கேஜ், அதாவது 0.8 மி.மீ.; மணி கோக்க 24 கேஜ், கிட்டத்தட்ட அரை மி.மீ. (கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், புதிதாக வாங்குபவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.) 18 கேஜில் வளைத்த கொக்கி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் 1 மி.மீ. கம்பி நிறையப் பேர் காதுத் துளையில் இறுக்கமாகத்தான் நுழையும். 22 கேஜ் சுகமாக நுழையும், ஆனால் கல்லின் கனத்தில் நாளாக ஆக வளைவு வாயைப் பிளந்துகொள்ளும். 20தான் இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போகிறது. வெள்ளியை 925 ரகத்தில் எடுத்தேன், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி, அதாவது 999, கொக்கிக்கு ஆகாது, அவ்வளவு மிருது. கம்பி மிருது, அரைக் கடினம், முழுக் கடினம் என்று மூன்று பதத்தில் கிடைக்கிறது. கொக்கிக்கு அரைக் கடினம், மணி சுற்ற மிருது என்று வைத்துக்கொண்டால் போதும்.

கம்பிச் சுருள் கைக்கு வந்ததும் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து லென்ஸில் பார்த்துவிடுங்கள். 925 என்று சீட்டு ஒட்டி வந்த ஒரு சுருளைத் தேய்த்தபோது உள்ளே செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது, வெறும் முலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே பயன்படாது, வெள்ளியும் செம்பும் பித்தளையும் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. உண்மையான 925 எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் வெளுப்புதான்.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்றால் நிக்கல். மலிவான ரெடிமேட் கொக்கிகள் பலவற்றில் பித்தளைக்கு மேலே நிக்கல் பூசி அதற்கு மேலேதான் வெள்ளி முலாமோ தங்க முலாமோ போட்டிருப்பார்கள், மேல்பூச்சு தேய்ந்ததும் நிக்கல் நேராகத் தோலைத் தொடும். காது அரிப்பு, சிவப்பு, நீர் வடிவது எல்லாம் அப்புறம்தான் ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது: உடம்பில் துளையிட்டுப் போடும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது, தோலில் நீண்ட நேரம் படும் மற்ற நகைக்கு 0.5. கவனியுங்கள், அது கசிவுக்கான வரம்பு, உலோகத்தில் எவ்வளவு நிக்கல் கலந்திருக்கிறது என்பதற்கு அல்ல. அதனால்தான் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள 316 எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல்கூடப் பலருக்கு ஒத்துப்போகிறது, அதில் நிக்கல் இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது. வீட்டிலேயே பார்க்க டைமெத்தில்கிளையாக்சைம் என்ற சோதனைத் திரவம் கிடைக்கிறது, பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் நிக்கல் கசிகிற இடம் இளஞ்சிவப்பாகப் பஞ்சில் இறங்கும். வெளியில் வாங்கிய சங்கிலி, பூட்டு எதையும் இதைத் தேய்க்காமல் இப்போது நான் சேர்ப்பதில்லை.

இனி கொக்கி வளைப்பது. ஒரு கொக்கிக்கு 4.5 செ.மீ. கம்பி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டில் வெட்டுவேன், அப்போதுதான் நீளம் மாறாது. ஒரு கொக்கியை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் ஜோடி ஒருநாளும் பொருந்தாது. ஒவ்வொரு வளைவையும் இரண்டிலும் செய்துவிட்டுத்தான் அடுத்த வளைவுக்குப் போக வேண்டும். ரவுண்ட் நோஸ் குறடின் மூக்கு கூம்பு வடிவம் என்பதால் எந்த இடத்தில் கம்பியைப் பிடிக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி வளையம் பெரிதாகவோ சிறிதாகவோ வரும். எனவே 3 மி.மீ. வளையம் வருகிற இடத்தில் குறடிலேயே மார்க்கரால் ஒரு கோடு. அந்தக் கோடு அழிந்து அழிந்து போகும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வளையம் ஆனதும் பெரிய வளைவு, இதற்கு 9 மி.மீ. உருளை ஒன்று போதும், மெல்லிய பேனாவின் உடம்புகூடச் சரிப்படும். இரண்டு கொக்கியிலும் கீழ் வளையம் ஒரே பக்கமாகச் சுருள்கிறதா என்று இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும், பிறகு திருப்பினால் கம்பி களைத்துவிடும். வால் பகுதி வளைவிலிருந்து இறங்கி ஏறக்குறைய கீழ் வளையம் இருக்கும் மட்டத்துக்காவது வர வேண்டும். படத்தில் குட்டை வால் அழகாக இருக்கும், அது உண்மைதான், ஆனால் தலை துவட்டும்போது துண்டோடு சேர்ந்து கழன்று வருவதும் அந்தக் குட்டை வால்தான்.

வெள்ளியை அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க அது இறுகும். வளைவின் உச்சியை ஸ்டீல் கட்டையில் வைத்து நைலான் சுத்தியலால் தட்டினால் வடிவம் மாறாமலே விறைப்பு ஏறும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் கம்பி தட்டையாகும், காதுத் துளைக்குள் உட்காரும் பகுதி தட்டையானால் விளிம்பு அறுக்கும், ஆகவே அங்கே இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. தட்டி முடித்த கொக்கிகளை மட்டும் டம்ப்ளரில் (மோட்டாரில் சுழலும் உருளைப் பாத்திரம்), ஸ்டீல் குண்டுகளும் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் சேர்த்து ஓரிரு மணி நேரம் உருட்டினேன். பளபளப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இறுக்கம் கிடைக்கும், அதுதான் எனக்கு வேண்டியது. மணி கோத்த பிறகு உருட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முத்தின் கடினம் மோஸ் அளவில் (கீறலைத் தாங்குவதை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 2.5 முதல் 4.5 வரைதான், ஸ்டீல் குண்டுகளோடு உருண்டால் மேல்தோல் போய்விடும்.

அப்புறம் முனை. இந்தத் தொகுதியில் மிக மெதுவாக நகர்ந்த வேலை இதுதான். வெட்டுக் குறடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கம்பியை நசுக்கித்தான் வெட்டும், முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். முதலில் மெல்லிய அரத்தால் ஓரத்தைச் சாய்த்து, பிறகு கப் பர் என்ற கிண்ண வடிவப் பல்லுள்ள சிறு கருவியைக் கம்பி முனையில் கவிழ்த்து விரலாலேயே சுழற்றினேன். அதற்குப் பிறகு 400, 600, 1200 என்று உப்புத்தாள். விரலால் தடவிப் பார்த்தால் 400 முடிந்ததுமே வழவழப்பாகத்தான் தோன்றும், விரலை நம்பாதீர்கள். கொஞ்சம் பஞ்சை மெல்லிய படலமாகப் பிரித்து அதன் வழியாகக் கொக்கியின் முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்தால்கூட அது காதிலும் கீறும், திரும்பவும் 600க்குப் போக வேண்டும். லென்ஸில் பார்த்தால் முனை தீக்குச்சித் தலை மாதிரி உருண்டு, நடுவில் தட்டைப் புள்ளி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். 1200 தாண்டியும் பஞ்சு ஒட்டினால் கோளாறு முனையில் இல்லை, முனைக்கு ஒரு மி.மீ. மேலே அரம் போட்ட குறுக்குக் கீறலில் இருக்கும். அதைத் தேய்க்க உப்புத்தாளைக் கம்பியின் நீளவாக்கில் இழுக்க வேண்டும்.

மணிக்குப் போகும் முன் கல்லைப் பற்றி. அமேசனைட் என்பது ஃபெல்ட்ஸ்பார் வகைக் கல், கடினம் 6 முதல் 6.5. அதற்குப் பிளவுத் தளம், அதாவது சுலபமாகப் பிளக்கும் திசை, உண்டு, அதனால் துளையின் ஓரத்தில் சின்னச் சில்லுகள் தெறித்திருப்பது சாதாரணம். கோப்பதற்கு முன்பே தரம் பிரித்து, சில்லுள்ள பக்கம் கீழே போகுமாறு கோத்து முத்தால் மறைத்துவிடலாம், அல்லது ஒதுக்கிவிடலாம். சாயம் ஏற்றிய கல்லா என்று பார்க்க அசிட்டோனில் நனைத்த பஞ்சு, நகப்பூச்சு நீக்கும் திரவம் போதும். பஞ்சில் நிறம் இறங்கினால் அது சாயம். இறங்காவிட்டால் சாயமே இல்லை என்று முடிவு கட்ட முடியாது, மேலே பிசின் பூச்சு இருந்தாலும் இறங்காது. டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்லின் பெயரில் வரும் மலிவான சரங்களில் சாயம் ஏற்றிய ஹௌலைட் நிறைய, அது இயல்பில் சாம்பல் வரி ஓடும் வெள்ளைக் கல்.

முத்தின் துளை சிறியது, 24 கேஜ் பலவற்றில் நுழையாது. அதற்காக 26க்கு இறங்கினால் அடியில் நிற்கும் குமிழ் சின்னதாகி முத்து நழுவும். நான் கம்பியை மாற்றாமல் துளையைத்தான் பெரிதாக்கினேன்: வைரத்தூள் பூசிய ரீமர் (துளையை அகலமாக்கும் ஊசி போன்ற கருவி), முத்து தண்ணீருக்குள் முழுகியபடி, கையால் மெதுவாகச் சுழற்றுவது. தண்ணீர் எதற்கு என்றால், முத்து சூடேறாமல் இருப்பதற்கும், தூள் மூக்கில் போகாமல் இருப்பதற்கும். மின் மோட்டாரில் மாட்டி அவசரப்பட்டால் துளை ஓரம் உரிந்துகொண்டு வரும்.

அடியில் நிற்கும் குமிழுக்குத் தூய வெள்ளிக் கம்பி எடுத்தேன், இங்கே மட்டும்தான் அது. கம்பியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழ்முனையைச் சுடரின் நுனியில் காட்டினால் வெள்ளி தானாகவே உருண்டு மேலேறி மணியாக நிற்கும். தூய வெள்ளி 962 டிகிரி செல்சியஸ் அருகே உருகும், உருண்டை பளபளவென்று சுத்தமாக வரும். 925 கம்பியிலும் வரும், ஆனால் செம்பு கருத்துப்போய், உருண்டையில் பள்ளம் விழும், பிறகு சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கருப்பை எடுக்க வேண்டும். அப்படி ஊறவைக்கும்போது இரும்புச் சாமணத்தை உள்ளே விடாதீர்கள், கரைசலில் இருக்கும் செம்பு கிளம்பி எல்லா வெள்ளியிலும் இளஞ்சிவப்பாகப் படியும்.

மேல்பக்கம் சுற்று வளையம்: ஒரு வளையம் போட்டு, கொக்கியில் மாட்டி, மீதிக் கம்பியைக் கழுத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி வெட்டினேன். வெட்டிய நுனியைக் குறடால் கழுத்தோடு ஒட்டி அமுக்கி, மணியின் பின்பக்கம் வருமாறு விட்டேன். இதையும் பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடி மாட்டுவது இங்கேதான். ஜம்ப் ரிங் (ஒரு இடத்தில் வெட்டு உள்ள சிறு கம்பி வளையம்) போட்டு மாட்டுவது சுலபம், நான் தவிர்த்ததற்குக் காரணம் அதன் வாய். பற்றவைக்காத வளையம் எத்தனை நன்றாக மூடினாலும் வாய் வாய்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு குறடால் பிடித்து ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறக்க வேண்டும்; அகலப் பிரித்தால் மறுபடி வட்டமாகவே வராது.

ஒரு காதணியின் எடை 3 கிராமுக்குள் நின்றது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் ஜோடியின் இரு பக்கமும் ஒரே எடையா என்று பார்க்கலாம், கல்லின் அளவு 8 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் மணிக்கு மணி கொஞ்சம் மாறும். பிறகு நானே போட்டுக்கொண்டு திரிந்தேன், ஹெட்போனோடு, தலைமுடி ஈரமாக இருக்கும்போது, ஒரு ராத்திரி கழற்றாமலும். கழன்று விழவில்லை, ஆனாலும் சிலிகான் தடுப்பு ஒரு ஜோடி ஒவ்வொரு அட்டையிலும் சேர்த்துவிட்டேன், இதற்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது.

சரி, படம். வெள்ளி ஒரு கண்ணாடி என்பதை மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாம் கொக்கியைப் படம் எடுப்பதாக நினைக்கிறோம், போன் எடுப்பது கொக்கியில் தெரிகிற அறையை. ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, மற்ற மூன்று பக்கமும் வெள்ளை அட்டை நிறுத்தினேன், கொக்கி முழுக்க வெளுத்தது. அப்படி வெளுத்தால் வெள்ளைப் பின்னணியில் விளிம்பே காணாமல் போகும், அதற்கு ஒரு பக்கம் விரலகலக் கறுப்பு அட்டைக் கீற்று நிறுத்த வேண்டும், அது கொக்கியின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடாக விழுந்து வடிவத்தைக் காட்டும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அமேசனைட்டை ஒரு படத்தில் பச்சையாகவும் அடுத்த படத்தில் நீலமாகவும் காட்டும். முதல் படத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து எடுத்து, அதைக் கொண்டு எல்லாப் படத்தின் நிறத்தையும் சரிசெய்தேன். போனை மணியின் மூக்கு வரை கொண்டுபோக வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் மணி வீங்கித் தெரியாது.

அளவு தெரிவதற்கு ஸ்கேல் அருகில் ஒரு படம், காதில் மாட்டிய ஒரு படம். இரண்டும் வேண்டும். மொத்த உயரம் 38 மி.மீ. என்று எழுதினால் படிப்பவர்கள் குறைவு, காதில் பார்த்தால் எல்லாருக்கும் புரியும். கொக்கியின் முனையை நெருங்கி எடுத்த படத்தையும் போட்டேன். அழகான படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கும் முன் கேள்வி கேட்பவர்கள் முனை குத்துமா என்று கேட்பது அதற்குப் பிறகு குறைந்தது.

விவரத்தில் கம்பியின் தடிமன், உலோகம், எடை, உயரம், கல்லின் நிறம் ஜோடிக்கு ஜோடி மாறும் என்பது, இவை முதல் நான்கு வரிக்குள். உணர்ச்சிகரமான வர்ணனை எதுவும் எழுதவில்லை, எனக்கு அது வராது என்பதும் ஒரு காரணம். எட்ஸியில் (கைவினைப் பொருள் விற்கும் இணையதளம்) ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். அதில் வெறுமனே காதணி என்று ஒற்றைச் சொல் போடுவது வீண், தேடுபவர் தட்டச்சுவது போல இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடராகப் போட வேண்டும்: கல்லின் பெயர், உலோகம், எந்தச் சந்தர்ப்பத்துக்கு என்பது போல.

விலைக் கணக்கில் பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பொருள் 100, கூலி 150, பேக்கிங் 30, மொத்தம் 280 என்று வையுங்கள். தளக் கட்டணம், பணம் செலுத்தும் கட்டணம், விளம்பரம் எல்லாம் சேர்ந்து விற்பனை விலையில் 20 சதவீதம். 280க்கு 20 சதவீதம் கூட்டி 336 என்று விலை வைத்தால் தப்பு, 20 சதவீதம் போவது 336லிருந்து, கைக்கு வருவது 269க்குச் சற்றுக் குறைவு. 280ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 350. அந்த 350க்கு 10 சதவீதத் தள்ளுபடி அறிவித்தால் 315, கட்டணம் 63 போக 252. குறைந்த 28ம் என் கூலியிலிருந்துதான் போனது. கூலி 150 என்பதில் படம் எடுப்பது, பதில் எழுதுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அடங்கியிருக்க வேண்டும், இவை வளைக்கும் நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கின்றன.

பேக்கிங்கில் ரப்பர் பேண்டை ஒழித்துவிட்டேன். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுப்பதே கந்தகத்தால்தான், மூடிய பையில் இரண்டும் சேர்ந்து கிடந்தால் போய்ச் சேரும்போது கொக்கி மங்கியிருக்கும். இரண்டு துளை போட்ட அட்டையில் மாட்டி, சிறு ஜிப் பையில் கறுப்புத் தடுக்கும் தாள் ஒன்றோடு வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, கெட்டியான சின்னப் பெட்டியில். குமிழிப் பையில் மட்டும் அனுப்பினால் எங்கோ ஒரு மூட்டையின் அடியில் கொக்கி சப்பளிந்துவிடும். உள்ளே வைக்கும் சீட்டில் மூன்றே விஷயம்: வாசனைத் திரவியம் அடித்த பிறகு போடுங்கள், கழற்றியதும் துணியால் துடையுங்கள், அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் போட்டு வெள்ளி கழுவும் முறையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வெறும் வெள்ளிக்கு அருமையான முறை, முத்துக்கு ஆகாது.

இதுவரை போனவற்றில் கொக்கி குத்துகிறது என்றோ விரிந்தது என்றோ யாரும் எழுதவில்லை. வந்தது வேறு மாதிரிக் கேள்வி: வெள்ளியும் ஒத்துக்கொள்ளாது, வேறு உலோகத்தில் கொக்கி கிடைக்குமா என்று. டைட்டானியம் விறைப்பு அதிகம், கையால் வளைத்தால் பாதி திரும்பி வந்துவிடும், எனவே நயோபியம் கம்பி வாங்கியிருக்கிறேன். நிக்கல் இல்லாத தனி உலோகம், கையால் வளைகிறது, மின்னழுத்தம் கொடுத்தால் சாயமே இல்லாமல் மேற்பரப்பு ஊதா, நீலம், பச்சை என்று நிறம் மாறும். நான் நிறம் ஏற்றாமல் அப்படியே வைக்கப்போகிறேன், அப்போது அது வெள்ளி மாதிரி இருக்காது, கொஞ்சம் கருஞ்சாம்பல். ஆகவே அதற்குத் தனிப் படம், தனி விவரம், தனிப் பக்கம். இதே பக்கத்தில் ஒரு தெரிவாக மட்டும் சேர்த்துவிட்டால், மேலே இருக்கும் வெள்ளிப் படத்தைப் பார்த்து நயோபியத்தைத் தேர்ந்தெடுத்தவர் பார்சலைப் பிரித்ததும் என்னைத்தான் கேட்பார்.